கடைவீதி நோட்டீஸ்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு நகரசபை அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். நகரத்தின் பேர் இங்கே வேண்டாம். கிழக்கே ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் தமிழ்நாடு வந்துவிடும். மேற்கே போகப் போகத் தமிழ் குறைந்துகொண்டே போகும். என் ஊர் எருத்தேன்பதி. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். வீட்டில் தமிழ், உயர்நிலைப் பள்ளியில் மலையாளம். இரண்டையும் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த பெண் என்பதற்காகத்தான் அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

அந்த நகரத்தின் கடைவீதியில் ஏறக்குறையப் பாதிக் கடைகள் தமிழர்களுடையவை. மலையாளத்தில் நோட்டீஸ் போட்டால் அவர்கள் அதை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. புகார் மேல் புகார் வந்ததால் எல்லா நோட்டீசையும் தமிழிலும் கொடுப்பது என்று கவுன்சில் முடிவு செய்தது. ஆபீசில் தமிழ் டைப்ரைட்டர் கிடையாது. ஸ்டென்சில் தாளில் ஊசிப் பேனாவால் நான் கையால் எழுதுவேன். பியூன் அதை உருளையில் மாட்டிச் சுற்றிப் பிரதிகள் எடுத்து, மை காய்வதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். நாய்க்கு லைசென்ஸ், சாக்கடை அடைப்பு, அம்மை குத்துதல் என்று இரண்டு வருஷம் எழுதினேன். ஒரு நோட்டீசுக்கும் ஒரு தகராறும் வரவில்லை.

கடைவீதி குறுகல். பொள்ளாச்சியிலிருந்து வரும் லாரியும் எதிரே ஒரு பஸ்ஸும் வந்துவிட்டால் இரண்டில் ஒன்று பின்னால் போக வேண்டும். எது போவது என்பதைத் தீர்மானிக்கவே கால் மணி நேரம் ஆகும். போதாததற்கு பஸ் ஸ்டாண்டும் அதே வீதியின் நடுவில், ஒரு முக்கோண மைதானத்தில் இருந்தது. கவுன்சில் பல மாதங்கள் பேசி மூன்று காரியங்களை முடிவு செய்தது. பஸ் ஸ்டாண்டை வடக்கு ஓரத்தில் தூர்ந்துபோன குளத்து நிலத்துக்கு மாற்றுவது. பழைய ஸ்டாண்டு இருந்த இடத்தில் இரண்டு மாடிக் கடைக் கட்டடம் கட்டுவது. வீதியின் கிழக்கு வரிசைக் கடைகளை முன்பக்கமாக வெட்டி ரோட்டை அகலமாக்குவது.

ஏன் கிழக்கு வரிசை மட்டும் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். மேற்கு வரிசையில் ஒரு கோயிலும் ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன, அதில் கை வைக்கத் தனக்குத் தைரியம் இல்லை என்று சேர்மன் மறைக்காமல் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சுவரில் குத்தியிருந்த வரைபடத்தின் நீலப் பிரதியில் ரோட்டுக் கோடு ஓரிடத்தில் மட்டும் லேசாக வளைந்திருந்தது. அது எதற்கு என்றும் கேள்வி வந்தது. அங்கே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்றார் இன்ஜினியர். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் ஒரு உறுப்பினரின் மைத்துனருக்கு அரிசி மண்டியும் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. உறுப்பினர்களில் இருவர் தமிழில் மட்டுமே பேசுவார்கள் என்பதால், அவர்கள் சொல்வதை மலையாளத்தில் சொல்ல நானும் கூட்டங்களில் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அதனால்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அடுத்த வாரம் ஓவர்சியரோடு என்னைக் கடைவீதிக்கு அனுப்பினார்கள். எந்தக் கடையில் எவ்வளவு போகும் என்று சுவரில் சிவப்புப் பெயிண்டால் கோடு போடுவது அவர் வேலை. தமிழ்க் கடைக்காரர்களுக்கு அதை விளக்குவது என் வேலை. சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிலர் சண்டைக்கு வந்தார்கள். ஒரு பூக்கடைப் பெரியவர் கோடு காய்வதற்கு முன்பே ஈரத் துணியால் அதைத் துடைத்துவிட்டார். ஓவர்சியர் மறுபடி போட்டார்.

கயிற்றுக்கடை அக்காவை அன்றுதான் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். மீனாட்சிபுரத்துக்காரர். மூக்கணாங்கயிறு, தும்பு, கழுத்து மணி, பால் கேன், தீவனத் தொட்டி என்று மாடு வைத்திருப்பவர்களுக்கு வேண்டியது எல்லாம் அந்தக் கடையில் கிடைக்கும். அவருடைய கணவருக்கு வாதம் வந்து படுத்துவிட்டதால் ஆறு வருஷமாக அவர்தான் கடையைப் பார்க்கிறார். ஓவர்சியர் பிரஷ்ஷை எடுத்ததும் அவர் தொங்கிக்கொண்டிருந்த கயிற்றுக் கட்டுகளைத் தாமே ஒதுக்கிச் சுவரைக் காட்டினார். கோடு விழுந்தபின் அதற்கும் பின்சுவருக்கும் நடுவில் நின்று இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தார். விரல் நுனிகள் இரண்டு பக்கமும் தொட்டன.

"ஏனுங்க அம்முணி, மிச்சம் இவ்வளவுதானுங்களா?"

"ஆமாங்க அக்கா."

"இதுக்குள்ள நான் நிக்கலாமுங்க. கயிறு எங்க நிக்கும்?"

இடம் இழப்பவர்களுக்குப் புதிய கட்டடத்தில் அறை கொடுப்பார்கள், அதற்குத் தனியாக நோட்டீஸ் வரும் என்று சொன்னேன். "வரட்டுமுங்க. வந்தா படிச்சுப் போட்டு எழுதிக் குடுக்கறேன். தமிழு நல்லாப் படிப்பேனுங்க" என்றார். அவர் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. கணவர் படுத்ததிலிருந்து இதைவிடப் பெரிய காரியங்களைப் பார்த்துவிட்டவர் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த நோட்டீஸ் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மேஜைக்கு வந்தது. மலையாளத்தில் இரண்டு பத்தி. முதல் பத்தியில், புதிய கட்டடத்தில் அறை வேண்டுபவர்கள் முப்பது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று இருந்தது. இரண்டாவது பத்தியில், வீதியில் ஏற்கெனவே கடை நடத்தி, இடிப்பில் இடம் இழப்பவர்களுக்கு அறை பெற 'அவகாசம்' உண்டு என்று இருந்தது. மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு உரிமை என்று அர்த்தம். தமிழில் அதன் அர்த்தம் என்ன என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நான் அதை அப்படியே 'அவகாசம் உண்டு' என்று ஸ்டென்சிலில் எழுதினேன். இரண்டு வருஷமாக நாள் முழுக்க மலையாளக் கோப்புகளைப் படித்துப் படித்து, ஒரு சொல் எந்த மொழியில் என் காதில் விழுகிறது என்பதைக் கவனிப்பதையே விட்டிருந்தேன். அதோடு, சனிக்கிழமை எங்கள் ஊரில் அம்மன் கோயில் திருவிழாவுக்குச் சாட்டு. நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எழுதி முடித்து சூப்பிரண்டு சாரிடம் காட்டினேன். அவர் பழைய அக்ரஹாரத்துத் தமிழர். பல தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கும் குடும்பம். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. திங்கட்கிழமை நோட்டீஸ் கடைகளுக்குப் போனது.

முப்பது நாள் ஆனது. விண்ணப்பங்கள் கட்டாக வந்தன. கமிஷனர் முன்னிலையில் குலுக்கல் நடந்து, ரோட்டைப் பார்த்த கீழ்த்தள அறைகள் எல்லாம் ஒதுக்கப்பட்டன. பட்டியலைப் படியெடுத்தவள் நான்தான். தமிழ்ப் பேர்கள் குறைவாக இருந்தது கண்ணில் பட்டது. அவர்கள் அறையை விரும்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பத்து நாள் கழித்து எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டிக்குத் தும்பு வாங்கக் கயிற்றுக்கடைக்குப் போனேன். அக்கா கயிற்றை முழம் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அம்முணி, எங்களுக்கு எப்பங்க எழுதிக் குடுக்கோணும்? இன்னொரு நோட்டீசு வருமுங்களா?"

"எதுக்குங்க அக்கா?"

"அந்த ரூமுக்குத்தானுங்க. முப்பது நாளு வெளியாளுங்களுக்கு, கடைக்காரங்களுக்கு அவகாசம் இருக்குதுன்னு போட்டிருந்தீங்களே. அவசரப்பட வேண்டாம்னு நாங்க ஒம்பது பேரும் பேசி வெச்சிருக்கோம்."

கயிறு அவர் கையில் இருந்தது. நான் அதை வாங்கவில்லை. எந்த நோட்டீஸ் என்று கேட்டேன். கல்லாப் பெட்டிக்கு மேல் ஆணியில் குத்தி வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தார். என் கையெழுத்தில், நான் எழுதிய வாக்கியத்தை, முதல் தடவையாக ஒரு தமிழ் வாக்கியமாகப் படித்தேன். அவர் சொன்னதுதான் அதில் இருந்தது. அதைத் தவிர வேறு அர்த்தத்தில் அதைப் படிக்கவே முடியாது.

அறைகள் கொடுத்து முடிந்துவிட்டன என்பதை அவரிடம் அங்கேயே சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன்.  அவர் கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"மத்த எட்டுப் பேருகிட்ட நீங்க சொல்லுவீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

"நானே சொல்றனுங்க."

ஆனால் அன்று ஒருவரிடமும் சொல்லவில்லை. நேரே ஆபீசுக்குத் திரும்பி சூப்பிரண்டு சாரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நோட்டீசைப் படித்தார்.

"இதுல என்ன தப்பு? எங்காத்துல சொத்துல பங்குன்னா அவகாசம்னுதானே சொல்லுவோம். நல்ல தமிழாக்கும்."

"கடைவீதியில அப்படிச் சொல்ல மாட்டாங்க சார்."

"அது அவா பாடு. நீ பேசாம இரு குட்டி. ப்ரொபேஷன் முடிய இன்னும் ஆறு மாசம் கிடக்கு. எழுத்துல ஒண்ணும் குடுத்துடாதே. குடுத்தா என் கையெழுத்தும் அதுல இருக்கு, கேட்டியா?"

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் அவர்தான். அவர் சொன்னதைக் கேட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தேன். கடைவீதி வழியாகப் போவதை விட்டுவிட்டுச் சுற்றுப்பாதையில் ஆபீசுக்குப் போனேன். நாலாவது நாள் கமிஷனருக்கு ஒரு பக்கம் எழுதி, மலையாள நோட்டீசையும் தமிழ் நோட்டீசையும் அதோடு குத்தி, உள்ளே கொண்டுபோய் வைத்தேன். சூப்பிரண்டு சாரைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்கு அவர் நன்றி சொல்லவும் இல்லை. அதன் பிறகு என்னோடு கோப்பு விஷயம் தவிர எதுவும் பேசவும் இல்லை. அன்று சாயந்திரம் எட்டுக் கடைக்கும் போய்ச் சொன்னேன். பூக்கடைப் பெரியவர் நான் பேசி முடிக்கும் வரை மாலை கட்டுவதை நிறுத்தவில்லை. தலையை நிமிர்த்திப் பார்க்கவும் இல்லை.

விஷயம் கவுன்சிலுக்கு வந்தது. கடைக்காரர்கள் சார்பில் ஒருவர் பேசலாம் என்று சேர்மன் அனுமதித்தார். ஒன்பது பேரும் கயிற்றுக்கடை அக்காவை அனுப்பினார்கள். அவர் தமிழில் பேசினார். மலையாளத்தில் சொல்ல வேண்டியவள் நான். இதில் உள்ள சங்கடத்தை அங்கே யாராவது கவனித்தார்களா என்று தெரியவில்லை.

"இந்த அம்முணி எழுதுனதை நம்பித்தானுங்க நாங்க இருந்தோம்" என்று தொடங்கினார்.

'இந்த அம்முணி' என்பதை நான் 'குமாஸ்தா' என்று சொன்னேன்.

"அவங்க மேல எங்களுக்குக் கோவம் இல்லைன்னு சொல்ல மாட்டேனுங்க. கோவம் இருக்குது. ஆனா அவங்களே வந்து சொன்னாங்க. முனிசிபாலிட்டியில இருந்து யாரும் வந்து இப்படிச் சொன்னதில்லைங்க."

இதையும் சொன்னேன். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. சத்தமாகச் சொல்லும்படி பின்வரிசையில் இருந்து ஒருவர் கேட்டார். திரும்பச் சொன்னேன்.

விவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. ஒரு உறுப்பினர், கேரளத்தில் கடை வைத்திருப்பவர்கள் மலையாளம் படித்துக்கொள்ள வேண்டியதுதானே என்றார். தமிழ் உறுப்பினர் ஒருவர் மேஜையைத் தட்டி எழுந்தார். இன்னொருவர் குலுக்கலையே ரத்து செய்ய வேண்டும் என்றார். அறை கிடைத்தவர்கள் ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டார்கள், ரத்து செய்தால் கோர்ட்டுக்குப் போவார்கள் என்றார் கமிஷனர். கடைசியில் சேர்மன் ஒரு நடுவழி சொன்னார். தமிழ் நோட்டீஸ் பெற்றவர்களுக்கு மட்டும் இன்னும் பதினைந்து நாள் கொடுப்பது. கீழ்த்தளத்தில் இனி இடம் இல்லாததால் மாடியில் மீதமிருக்கும் அறைகளைக் கொடுப்பது. தீர்மானம் நிறைவேறியது. எனக்கு எச்சரிக்கை மெமோ ஒன்று கொடுப்பது என்பதும் அதே தீர்மானத்தின் கடைசி வரி. அதையும் நானே தமிழாக்கினேன்.

அக்கா வாசலில் எனக்காக நின்றிருந்தார்.

"மாடியில என்னத்தைங்க பண்றது? மாட்டைப் புடிச்சுக்கிட்டு எவன் படியேறி வருவான்? கயித்தை மாட்டுக் கழுத்துல வெச்சுப் பாத்துத்தான் வாங்குவாங்க."

 மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இன்ஜினியர் அறையில் கட்டடத்தின் நீலப் பிரதியை விரித்துப் பார்த்தேன். எனக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. டிராஃப்ட்ஸ்மேன் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். மாடிப்படி கட்டடத்தின் தெற்கு மூலையில், ரோட்டைப் பார்த்து இருந்தது. அதன் அடியில் சாய்வாக ஒரு இடம். எதற்கு என்று ஒன்றும் எழுதவில்லை. மீட்டர் பெட்டி வைக்கலாம், இல்லாவிட்டால் விளக்குமாறு வைக்கலாம் என்றார் டிராஃப்ட்ஸ்மேன். உள்ளே போகப் போகக் கூரை இறங்கும். ஆள் நிமிர்ந்து நிற்க முன்பாதியில்தான் முடியும். எவ்வளவு அகலம் என்று கேட்டுக்கொண்டேன்.

சாயந்திரம் போய்ச் சொன்னேன். அக்கா ஒரு கயிற்றை எடுத்து, நான் சொன்ன அகலத்துக்கு அளந்து தரையில் போட்டுப் பார்த்தார். பின்னால் கூரை இறங்கினால் பரவாயில்லை, அங்கே தொட்டிகளை அடுக்கலாம், கயிறும் மணியும் முன்னால் தொங்கினால் போதும் என்றார். அங்கேயே மனு எழுதச் சொன்னார். ஆபீஸ் ஆள் மனு எழுதிக் கொடுக்கக்கூடாது என்று விதி இருந்தது. அதனால் நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார்.

அந்த மனு அடுத்த கூட்டத்தில் வந்தது. படிக்கட்டின் அடியில் கடை வைத்தால் கட்டடத்தின் அழகு கெடும் என்றார் இன்ஜினியர். அழகைப் பற்றி உறுப்பினர்கள் வெகுநேரம் பேசினார்கள். வோட்டு எடுத்தபோது ஒரு வோட்டு வித்தியாசத்தில் அக்காவுக்குக் கிடைத்தது. மலையாளம் படிக்கச் சொன்ன உறுப்பினர் ஆதரவாகக் கை தூக்கியிருந்தார். ஏன் என்று எனக்கு இன்று வரை தெரியாது. அவர் வீட்டில் இரண்டு பசு இருந்ததாக ஓவர்சியர் சொன்னார்.

மற்ற எட்டுப் பேரில் ஐந்து பேர் மாடிக்குப் போனார்கள். அவர்களில் ஒரு தையல்காரர் மட்டும் நன்றாக வந்தார். பள்ளிக்கூடச் சீருடை தைக்க ஜனங்கள் படியேறிப் போனார்கள். வெற்றிலைக் கடைக்காரரும் பாத்திரக் கடைக்காரரும் கடையை மூடிவிட்டுப் பொள்ளாச்சிக்குப் போய்விட்டார்கள். பூக்கடைப் பெரியவர் எந்த அறையும் வேண்டாம் என்று சொல்லி, கோயில் வாசலில் கூடையோடு உட்கார்ந்தார். நான் அங்கே இருந்த வரை என்னிடம் அவர் பேசவில்லை. ஒரு தடவை பூ வாங்கப் போனேன். கூடையைத் துணியால் மூடிவிட்டார்.

கிழக்கு வரிசையை இடித்தபோது ஒரு வாரம் வீதியெங்கும் ஓட்டுத் தூசி. பிறகு தார் போட்டார்கள். லாரியும் பஸ்ஸும் எதிரெதிரே வந்து, நிற்காமல் போயின. முதல் சில நாள் அதைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் நின்றார்கள். பஸ் ஸ்டாண்டு வடக்கே போனபின்தான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கூட்டமும் அதன் கூடவே போய்விட்டது. குலுக்கலில் கிடைத்த கீழ்த்தள அறைகளில் பல, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. அறை கிடைத்த ஒருவர், உங்களுக்குக் கிடைக்காமல் போனதே நல்லது என்று மாடிக்காரர்களிடம் சொன்னாராம். அவர்கள் அதை ரசிக்கவில்லை. கயிற்றுக்கடைக்கு மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் பஸ்ஸில் வருவதில்லை.

எனக்கு ப்ரொபேஷன் ஆறு மாதம் தள்ளிப் போய், பிறகு முடிந்தது. அதன் பின் எழுதிய ஒவ்வொரு நோட்டீசையும், ஸ்டென்சில் வெட்டுமுன், ஆபீஸ் பெருக்க வரும் அம்மாவிடம் படித்துக் காட்டுவேன். அவருக்கு எழுத்தும் தெரியாது, மலையாளமும் அதிகம் வராது. தனக்கு என்ன புரிந்தது என்று அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பாதி நாள் அவர் சொல்வது நான் எழுதியதாக இருக்காது. உட்கார்ந்து மறுபடி எழுதுவேன். சூப்பிரண்டு சார் இதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போவார்.

நான் இடமாற்றலாகிப் போவதற்கு முந்தின மழைக்காலத்தில், புது ரோட்டின் உயரத்தால் சாக்கடைத் தண்ணீர் படிக்கட்டின் அடிக்குள் வந்துவிட்டது. அக்கா கோபமாக ஒரு மனு கொண்டுவந்து தபால் மேஜையில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். மனுவில் முனிசிபாலிட்டியை நன்றாகத் திட்டியிருந்தார். மொழிபெயர்ப்புக்கு அது என்னிடம்தான் வந்தது. ஒரு சொல்லையும் குறைக்காமல் மலையாளத்தில் எழுதி உள்ளே அனுப்பினேன். பதினைந்து நாளில் சாக்கடையை இறக்கிக் கட்டினார்கள்.